காத்து எங்கட, திட்டம் ஆரின்ர?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஆகமுதலே நாடு முழுக்கக் கரண்ட் போனது. எங்களில் ஒருவரின் வீட்டுக் கூரையில் சோலார் தகடுகள் பூட்டியிருக்கு, வங்கியில் லோன் எடுத்துப் போட்டது. வெளியில் வெயில் கொளுத்துது. ஆனால் வீட்டுக்குள்ள ஃபேன் சுத்தவில்லை. "கூரை முழுக்கக் கரண்ட், வீட்டுக்குள்ள ஒண்டுமில்லை" எண்டு எங்கட வட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லாரும் சிரித்தோம். பிறகுதான் அது சிரிக்கிற விசயமில்லை எண்டு விளங்கினது.

இங்கே பெரும்பாலான வீட்டுச் சோலார், வெளி லைனில் கரண்ட் இருந்தால் மட்டுந்தான் வேலை செய்யும். லைன் செத்தால் அதுவும் தானாக நின்றுவிடும். லைனில் ஏறித் திருத்துகிற ஊழியருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இல்லாத வீட்டுக்கு, கரண்ட் போன நேரத்தில் கூரையில் இருப்பது வெறும் கண்ணாடி.

அன்றைய மின்தடைக்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த ஒரு குரங்குதான் காரணம் எண்டு அமைச்சர் சொன்னார். குரங்கை வைத்து ஒரு கிழமை மீம் போட்டோம், நாங்களும் போட்டோம். ஆனால் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்குகிற நிலைக்கு மின்கட்டமைப்பு எப்படி வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஞாயிறு பகலில் கந்தோர் இல்லை, தொழிற்சாலைகள் பாதிக்கு மேல் பூட்டு. மின்தேவை குறைவு. அதே நேரம் சோலார் உச்சத்தில் நிற்கும். அதற்கு இடம் விட, நீர், அனல் மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் குறைக்கப்படும். அந்தச் சுழலிகளின் பாரந்தான் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிப்பது. மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கோ. பாரமான சக்கரம் கல்லில் ஏறினாலும் உருண்டு போகும், சைக்கிள் சக்கரம் தடுமாறும். அன்றைக்குக் கட்டமைப்பு சைக்கிள் சக்கரமாக இருந்தது. ஒரு இடத்தில் தட்டுப்பட, நுரைச்சோலை உட்பட எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வையுங்கோ எண்டு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில் மெழுகுதிரி கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். மூன்றே வருசத்தில் "கரண்ட் கூடிப்போச்சு, நிப்பாட்டுங்கோ" எண்டு கேட்கிறார்கள். இரவில் பற்றாது, பகலில் மிச்சம். இதற்குக் காரணம் சூரியன் இல்லை, திட்டமிடல்.

நாங்கள் மீள்புதுப்பிக்கத்தக்க சக்திக்கு எதிரானவர்கள் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறோம், ஏனெண்டால் எங்கட சமூகத்தில் ஒரு கேள்வி கேட்டாலே "அபிவிருத்திக்கு எதிரி" எண்டு முத்திரை குத்துவது வழக்கம். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் டொலர் இல்லாமல் நாடு எப்படி விழுந்தது எண்டு கண்ணால் கண்டவர்கள் நாங்கள். 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களில் இருந்து வரவேண்டும் என்ற அரசின் இலக்கு எங்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் 70 வீதம் என்பது ஒரு எண். அது எங்கே விளையும், எந்த நேரத்தில் வரும், ஆருக்குப் போகும் என்ற மூன்றையும் அந்த எண் சொல்லாது.

நேரத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம். பற்றரிச் சேமிப்புக்கு மின்சார சபை 2025இல்தான் பெரிய அளவில் கேள்விப்பத்திரம் கோரியது. அரநாயக்கவில் 600 மெகாவாட் நீரேற்று மின்திட்டம், அதாவது பகலில் மிஞ்சுகிற கரண்டால் தண்ணியை மேலே ஏற்றி இரவில் இறக்கி மின் எடுக்கிற திட்டம், நெடுங்காலமாகப் பேச்சிலேயே இருக்கு. கூரைச் சோலாரை ஊக்குவிக்கிற 'சூரியபல சங்கிராமய' தொடங்கினது 2016இல். தகடு முதல், சேமிப்பு ஒன்பது வருசம் பிந்தி. கிணறு வெட்டி, மோட்டர் பூட்டி, தாங்கி கட்ட மறந்த வீடு மாதிரி.

அந்தக் கூரைத் திட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கு. கூரை உள்ளவனுக்குத்தான் சோலார். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இல்லை. காணி உறுதி இல்லாததால் வங்கியில் கடன் எடுக்க முடியாத மீள்குடியேறிய குடும்பத்துக்கு இல்லை. 2016இல் ஒரு அலகுக்கு முதல் ஏழு வருசம் 22 ரூபா எண்டு தொடங்கின விலை, பிறகு பலமுறை கூடிக் குறைந்து 2025இலும் மாறினது. விலை ஆடுகிறபோது வசதியானவர் சமாளிப்பார். லோன் எடுத்துப் போட்ட எங்கட நண்பர் மாதிரி ஆட்கள்தான் கணக்குப் பார்த்துக்கொண்டு முழிப்பார்கள்.

இனி இடம். இடம் எண்டால் மன்னார்.

நாட்டிலேயே நல்ல காற்று வீசுகிற இடங்களில் மன்னார் தீவு முன்னணி. 2020 டிசெம்பரில் அங்கே 'தம்பபவனி' திறக்கப்பட்டது. தெற்குக் கரையோரமாக 30 காற்றாடிகள், 100 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல். மின்சார சபைக்கே சொந்தமானது, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டியது. அதற்குப் பிறகு அதானி வந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட், கேள்விப்பத்திரம் இல்லாமல். 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், 20 வருசத்துக்கு. உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன, ஆட்சி மாறினது, விலையைக் குறைக்கச் சொன்னார்கள், 2025 பெப்ரவரியில் அதானி விலகினது. அதே மன்னாரில் போட்டி விலைமனு மூலம் ஒரு இலங்கைக் கொம்பனிக்குப் போன 50 மெகாவாட் திட்டத்தின் விலை 4.65 சதம். இரண்டு திட்டமும் அளவில் வேறு, நிபந்தனையில் வேறு, அதை ஏற்கிறோம். ஆனாலும் போட்டி வைத்தால் விலை எங்கே நிற்கும் எண்டு இந்த இரண்டு எண்களும் காட்டுது.

கதை இங்கே முடிந்திருந்தால் "வெளிப்படையான கேள்விப்பத்திரம் போதும்" எண்டு எழுதிவிட்டுப் போயிருப்போம். ஆனால் மன்னார் மக்கள் 2025 ஓகஸ்டில் வீதிக்கு இறங்கி மறித்தது அந்த மலிவான, முறையாகப் போட்டி வைத்துக் கொடுத்த திட்டத்தையுந்தான். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டெம்பர் கடைசியில் இரவு நேரத்தில் பொலிஸ் பாதுகாப்போடு உதிரிப்பாகங்கள் உள்ளே போயின. மறிக்க நின்ற சனம் காயப்பட்டது. விலை சரியாக இருப்பது ஒன்று, இடம் சரியாக இருப்பது இன்னொன்று. கொழும்பில் இருப்பவருக்கு 4.65 சதம் வெற்றி. தீவில் இருப்பவர் பார்ப்பது சதத்தை இல்லை, வீட்டுக்குப் பின்னால் வருகிற கம்பத்தை.

மன்னார் பெரிய ஊர் இல்லை. 26 கிலோமீற்றர் நீளமான, தட்டையான மணல் தீவு. பல இடங்கள் கடல்மட்டத்துக்குக் கொஞ்சந்தான் மேல். மழை வந்தால் வெள்ளம் வடிகிற வழியை ஒரு சின்ன மண் றோட்டும் மறிக்கும். மத்திய ஆசியப் பறவைகளின் வலசைப் பாதை அதன் மேலால் போகுது, பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். இதற்கு மேல் இல்மனைற் மணல் அகழ்வுக்கும் அந்தத் தீவில் கண் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகச் சுற்றாடல் அறிக்கை எழுதி "பாதிப்பு குறைவு" எண்டு முடிக்கலாம். எல்லாத்தையும் ஒரு தீவின் தலையில் அடுக்கினால் என்ன நடக்கும் எண்டு கூட்டிப் பார்த்து, அதை மக்கள் முன் வைக்க வேண்டியது திட்டமிடுபவர்களின் வேலை.

எங்கட பக்கத்துக்கும் ஒரு சொல். "காற்றாடி மழை மேகத்தைத் துரத்துது" எண்ட கதையை எங்கட ஆட்களே எத்தனை பேர் பகிர்ந்தோம்? ஒரு வரிசைக் காற்றாடி பருவமழையைத் துரத்தாது. இந்தக் கதை பரவினால் லாபம் மற்றப் பக்கத்துக்குத்தான். "விளங்காத சனம்" எண்டு சொல்லி உண்மையான முறைப்பாட்டையும் சேர்த்துக் குப்பையில் போடலாம். வெள்ளம் வடியவில்லை, கரைவலைக்குப் போகிற வழி மாறினது, காணி ஆர் பேரில் போனது என்பதெல்லாம் அளந்து பார்க்கக்கூடிய கேள்விகள். அதைப் பிடித்துக்கொள்ளுவோம், மேகத்தை விடுவோம்.

சனம் ஏன் நம்புவதில்லை எண்டு கேட்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்க வேணும். சுன்னாகத்தில் ஒரு தனியார் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019இல். அதுவரை தண்ணிக்குப் பவுசர் வரும்வரை வாளியோடு நின்ற ஆட்களிடம் போய் "இது சுத்தமான சக்தி" எண்டால், "ஆர் சொன்னது?" எண்டுதான் கேட்பார்கள். சம்பூர் இன்னொரு பாடம். 2006இல் இடம்பெயர்ந்த சனத்தின் மண்ணில் நிலக்கரி மின்நிலையம் வரும் எண்டார்கள், 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சோலார் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கரியை விடச் சோலார் ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் கரி எண்டு முடிவெடுத்தபோதும் ஊரைக் கேட்கவில்லை, சோலார் எண்டு மாற்றினபோதும் ஊரின் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை.

தீவுகளின் கதை இன்னும் வேடிக்கை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசலில் ஓடுகிற தீவுகள். சோலார், காற்றாடி, பற்றரி கலந்த திட்டம் ஒன்று 2021 ஜனவரியில் சீனக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுக்க முடிவானது. இந்தியா விரும்பவில்லை, அது நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடை எண்டு ஒப்பந்தம், 2024 மார்ச்சில்தான் வேலைக்கான கைச்சாத்து. மூன்று தீவுக்கும் சேர்த்துக் காற்றும் சோலாரும் வெறும் 2.23 மெகாவாட். மன்னாரில் ஒரு காற்றாடியே 3.45 மெகாவாட். ஒரு காற்றாடியின் அளவும் இல்லாத திட்டத்துக்கு இரண்டு வல்லரசின் இழுபறி, மூன்று வருசம். அந்த மூன்று வருசமும் தீவுச் சனம் டீசல் புகையில்.

அப்ப என்ன செய்யலாம்? எங்கட பட்டியல் பெரியதில்லை.

முதலாவது, வரைபடம். வடக்கு கிழக்கில் எங்கே கட்டலாம், எங்கே கட்டவே கூடாது எண்டு முழுப் பிரதேசத்துக்கும் ஒரே வரைபடம், தமிழிலும், கொம்பனி வரமுதல். மின்சார உற்பத்தியை விரிவாக்குகிற நீண்டகாலத் திட்டம் 20 வருசத்துக்குப் போடப்பட்டு, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் அங்கீகாரத்துக்குப் போகுது. அதன் விளக்கத்தை மன்னார் நகர மண்டபத்தில், பூநகரியில், மூதூரில் வைக்க ஏலாதா?

இரண்டாவது, பங்கு. டென்மார்க்கில் 2009 தொடக்கம் பல வருசம், புதிய காற்றாலையின் குறைந்தது 20 வீதப் பங்கை அயலில் இருப்பவர்களுக்கு வாங்க வாய்ப்புக் கொடுக்கவேண்டும் எண்டு சட்டம் இருந்தது. எங்கட சனத்திடம் பங்கு வாங்கக் காசில்லை, உண்மை. ஆனால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு, பிரதேச சபைகள் இருக்கு. அலகுக்கு இவ்வளவு எண்டு ஊருக்கு வருகிற பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மைதானத்துக்கு ஒரு வேலி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொம்பியூட்டர் எண்டு தருவது பங்கு இல்லை, சமாதானப் பரிசு.

மூன்றாவது, சேமிப்பு முதலில் தேவை உள்ள இடத்துக்கு. பிரதேச வைத்தியசாலை, குடிநீர்த் தாங்கி, மீன் ஐஸ் போடுகிற நிலையம். கரண்ட் போனாலும் தனியாக ஓடக்கூடிய சோலாரும் பற்றரியும் அங்கே வரட்டும்.

நாலாவது எங்களுக்கு. இந்தத் துறையில் படித்த, படிக்கிற ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படுவது 30 வேலை நாட்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? மறியலுக்குப் படம் எடுக்கப் போகிற நாங்கள், அந்த 30 நாளில் ஒரு பக்கக் கருத்து எழுதி அனுப்பவில்லை. அடுத்த அறிக்கை வரும்போது உட்கார்ந்து வாசிப்போம், ஊருக்கு விளங்குகிற தமிழில் சொல்லுவோம், நாள் முடியமுதல் பதில் அனுப்புவோம்.

எங்கட நண்பர் இப்ப பற்றரிக்கு விலை கேட்டுக்கொண்டு திரிகிறார். விலை கட்டுபடியாகவில்லையாம். அடுத்த முறை நாடு இருண்டால் அவர் வீட்டு ஃபேன் அப்பவும் நிற்கும். 70 வீத இலக்கு எட்டப்படும் வருசத்திலாவது அது சுத்த வேணும். மன்னாரில் கம்பத்துக்குக் கீழே இருக்கிற வீட்டு ஃபேனும்.