எண்ணெய் படிந்த கைகள்



நம் ஆண்டவர் விண்ணரசைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, அவருடைய கண் பெரும்பாலும் ஓர் ஏழையின் வீட்டிற்குள் செல்வதைக் காண்கிறோம். மாவில் புளிப்பு மாவைச் சேர்த்துப் பிசைகிறாள் ஒரு பெண். விளக்கேற்றி வீட்டைப் பெருக்கி, தொலைந்துபோன காசைத் தேடுகிறாள் மற்றொருத்தி. நள்ளிரவில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கடன் கேட்கிறான் ஒருவன். இவையெல்லாம் எருசலேம் ஆலயத்துக் குருக்களிடம் கற்ற பாடங்கள் அல்ல. நாசரேத்தூரில் மரியன்னையின் அடுப்பங்கரையிலும், சூசையப்பரின் தச்சுப் பட்டறையிலும் முப்பது ஆண்டுகள் கண்டு, தொட்டு, உழைத்து அறிந்தவை.

நாமோ இறைவனைத் தேடுவதற்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குகிறோம். மற்ற ஆறு நாட்களையும் சமையலுக்கும் சம்பளத்துக்கும் விட்டுவிடுகிறோம். அந்த ஆறு நாட்களிலும் ஆண்டவர் நம்மோடு பேசுகிறார் என்பதை நினைவுபடுத்தவே இப்பகுதியில் மாதந்தோறும் ஏதேனும் ஒரு வீட்டுப் பொருளையோ தெருக் காட்சியையோ எடுத்துச் சிந்தித்து வருகிறோம். இம்மாதம் எண்ணெயை எடுத்துக்கொள்வோம்.

மாத்தூரில் வாழும் நமக்கு எண்ணெயைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் கடுகு வெடிக்கும் வாணலியில் அது இருக்கிறது. விடுமுறை நாளில் பேரப்பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும் பாட்டியின் உள்ளங்கையில் இருக்கிறது. வாசலைக் கடந்து வெளியே வந்தாலோ, வேறொரு எண்ணெயின் உலகம். மணலியில் 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1969-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதைச் சுற்றி எழுந்த மற்ற ஆலைகளும் இப்பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டன. வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகளும், இரவு வானில் எரியும் ஆலைச் சுடரும் நம் பிள்ளைகளுக்குப் பிறந்தது முதல் பழகிய காட்சிகள். ஷிப்டு முடிந்து வரும் தந்தையின் சட்டையில் கறையாக ஒட்டிக்கொண்டு இந்த எண்ணெயும் வீட்டுக்குள் வருகிறது. நம்மில் பல குடும்பங்களின் சோறும் பள்ளிக் கட்டணமும் அந்தக் கறையிலிருந்தே வருகின்றன.

திருச்சபையும் எண்ணெயைத் தன் இல்லத்தில் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் புனித வாரத்தில் ஆயர் தம் குருக்கள் சூழ நிறைவேற்றும் திருப்பலியில் மூன்று எண்ணெய்கள் ஆயத்தமாகின்றன. திருமுழுக்குப் பெறவிருப்போருக்கு ஒன்று, நோயாளருக்கு ஒன்று, நறுமணத் தைலம் கலந்த கிறிஸ்மா மற்றொன்று. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் உச்சியிலும், உறுதிபூசுதல் பெறும் இளைஞனின் நெற்றியிலும், புதுக் குருவின் உள்ளங்கைகளிலும் பூசப்படுவது இந்தக் கிறிஸ்மாவே. 'கிறிஸ்து' என்னும் சொல்லுக்கே எண்ணெய் பூசப்பட்டவர் என்பது பொருள். ஆகவே 'கிறிஸ்தவன்' என்று நம்மை அழைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், நம்மீது பூசப்பட்ட எண்ணெயையே நாம் அறிக்கையிடுகிறோம்.

நோயாளருக்குரிய எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் முன்னோர் இதனை 'அவஸ்தைப் பூசுதல்' என்றனர். குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால், வீட்டில் அழுகுரல் எழுந்துவிடும். இது இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. 1972-ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சடங்கு முறையையும் எளிதாக்கினார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கைகள், பாதங்கள் எனப் பூசியதற்குப் பதிலாக, இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்றும் அவர் அனுமதியளித்தார். நம் அடுப்பங்கரை அலமாரியில் இருக்கும் எண்ணெய்க்கும் அருட்சாதனத்தில் இடம் உண்டு என்பது எவ்வளவு பெரிய செய்தி!

ஆலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு நோயில் பூசுதல் கொடுக்கச் சென்றிருந்தேன். நெற்றியில் பூசியபின் கைகளை நீட்டச் சொன்னேன். அவர் தயங்கி, கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கை சுத்தமா இல்லீங்க சாமி" என்றார்.

"முப்பது வருஷமா சீயக்காய் போட்டும் சோப்புப் போட்டும் தேய்ச்சுப் பார்த்துட்டேன் சாமி, அந்தக் கருப்பு மட்டும் போகல" என்றார் அருகில் நின்ற அவர் மனைவி, தாமே குற்றவாளி என்பதுபோல.

உள்ளங்கை ரேகைகள் ஒவ்வொன்றிலும் மை தீட்டியதுபோல ஆலையின் எண்ணெய் தங்கியிருந்தது. அந்தக் கைகளால்தான் இரண்டு பெண்களுக்குத் திருமணம் முடித்தார். ஒரு மகனைப் படிக்க வைத்தார். திருச்சபையின் எண்ணெய், ஆலையின் எண்ணெய் தங்கிய அதே ரேகைகளில் இறங்கியது. கழுவித் துடைத்த கைகளை மட்டுமே ஆண்டவர் தொடுவார் என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. உழைப்பின் கறை பாவக் கறையன்று. அதற்காகப் போர்வைக்குள் கையை ஒளிக்கத் தேவையில்லை.

அன்பர்களே, அன்றாட நிகழ்ச்சிகளில் ஞானப் பாடம் தேடும்போது ஓர் ஆபத்தும் உண்டு. எதைக் கண்டாலும் அதற்கு ஓர் உவமை சொல்லி, தலையசைத்து, மனநிறைவோடு நடந்துவிடலாம். எண்ணெய் தண்ணீரின்மேல் மிதப்பதைப் பார்த்து, உண்மையும் இப்படித்தான் மேலே வரும் என்று அழகாகச் சொல்லிவிடலாம். சொல்லுவதற்கு ஒன்றும் செலவாகாது. ஆனால் புனித லூக்காவின் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தைப் படியுங்கள். எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குரு பார்த்தார், லேவியரும் பார்த்தார், சமாரியனும் பார்த்தான். பார்த்ததில் மூவருக்கும் வேறுபாடில்லை. போய்ச் சேர்ந்தபின் அந்தக் குரு வழிப்பறியின் கொடுமையைப் பற்றி உருக்கமாகப் பேசியிருக்கவும் கூடும். சமாரியனோ தன் பையிலிருந்த எண்ணெயை எடுத்துக் காயத்தில் ஊற்றினான். வழிப்பயணத்துக்கென வைத்திருந்த எண்ணெய் அவனுக்குக் குறைந்தது. இந்த இடத்தில்தான் பார்வை பாடமாகிறது.

இதனை நாம் உவமையில் மட்டுமன்றி, நம் அருகிலும் கண்டிருக்கிறோம். 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் கரிய குழம்பாக ஒதுங்கிய அந்த எண்ணெயை, கடலோரக் காவற்படையினரும் மீனவரும் கல்லூரி மாணவரும் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினர். பின்னர் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலின் மழை நம் தெருக்களை மூழ்கடித்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தில் கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களில் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கருமை படிந்தது. அலையாத்தி மரங்களின் தண்டுகள் கறுத்தன. இறகில் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்கள் தவித்தன. அங்கும் மீனவரே படகில் சென்று குவளைகளாலும் கைகளாலும் எண்ணெயை வழித்தெடுத்தனர். வாழ்வளித்த நீரில் வலை வீச வழியின்றிப் போயிற்று. கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் ஏழைகளின் நிலை இன்னும் பரிதாபமானது.

இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இக்கரை முழுவதும் மீனவரின் கரை. இராயப்பரும் அவர்களைப் போன்றவரே. இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசிக்கொண்டிருந்த காலை நேரத்தில்தான் ஆண்டவர் அவருடைய படகில் ஏறி அமர்ந்தார். எண்ணெய் படிந்த வலையோடு கரையில் நின்றவர்களின் படகிலும் அதே ஆண்டவர் அமர்ந்திருந்தார் என்று நம்புகிறோம் என்றால், அவர் நம்மைப் பார்த்து என்ன கேட்டிருப்பார்?

இந்தக் கேள்வி மாத்தூரில் வாழும் நமக்கு எளிதன்று. நமக்குச் சோறு தரும் தொழிலின் கழிவே அவர்களுடைய சோற்றைக் கெடுத்தது. ஆலை வேண்டாம் என்று நம்மால் சொல்ல இயலாது; சொன்னால் நம் அடுப்பு எரியாது. நமக்கு என்ன வந்தது என்று கிறிஸ்தவராகிய நாம் சொல்லவும் இயலாது. புழல் ஏரியின் உபரிநீர் மணலிப் பக்கமாக ஓடி எண்ணூர்க் கழிமுகத்தைச் சேர்கிறது. இங்கே நாம் விடுவது அங்கே போய் ஒதுங்குகிறது. எனக்கு அடுத்திருப்பவன் யார் என்று திருச்சட்ட அறிஞன் கேட்டதற்கு நம் ஊரின் நிலவமைப்பே விடை சொல்கிறது: நீரோட்டத்தின் கீழே வாழ்பவன். மண்ணின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் உலகுக்கு எடுத்துரைத்ததை எண்ணூரில் நாம் கண்ணாரக் கண்டோம்.

ஆகவே ஆலையில் பணிபுரியும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு ஷிப்டில், மேற்பார்வையாளர் இல்லாத வேளையில், கசியும் ஒரு வால்வை இறுக்கி மூடுவது பக்திச் செயல் என்று எண்ணியிருக்கிறீர்களா? கசிவைக் கண்டும் காணாததுபோல் விடாமல் உள்ளதை உள்ளபடி பதிவேட்டில் எழுதுவது, பத்துக் கட்டளைகளில் எட்டாவதைக் கடைப்பிடிப்பதேயாகும். அதனால் மேலிடத்தின் வருத்தத்துக்கு ஆளாக நேரிடலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ வேலைக்கே ஆபத்து வரலாம். நான் அதை அறியாமல் சொல்லவில்லை. அப்படி ஒருவர் துன்புறும்போது அவரைத் தனியே விடாமல் துணைநிற்பது பங்குக் குடும்பங்களாகிய நம் எல்லாருடைய கடமை. இல்லையேல் நாம் அவருக்கு நல்ல சொல் கொடுத்தோமே தவிர, எண்ணெய் ஊற்றவில்லை.

அரசர் இரண்டாம் நூலில் எலிசா இறைவாக்கினரிடம் கடன்பட்ட விதவை ஒருத்தி வருகிறாள். அவள் வீட்டில் ஒரு கலயம் எண்ணெய் மட்டுமே இருக்கிறது. அண்டை வீடுகளிலிருந்து வெறும் பாத்திரங்களை வாங்கி வரும்படி எலிசா சொல்லுகிறார். அவள் ஊற்ற ஊற்ற எண்ணெய் பெருகுகிறது. பாத்திரம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. இறைவன் செய்த புதுமைதான். எனினும் அண்டை வீட்டார் கொடுத்த பாத்திரங்களின் அளவே அந்தப் புதுமையின் அளவாயிற்று. பாத்திரம் கொடுத்தவர்கள் எவரும், தாங்கள் ஒரு புதுமையில் பங்கு கொள்கிறோம் என்று அறிந்திருக்கமாட்டார்கள். ஏதோ ஒரு குடம் கேட்டாள், கொடுத்தோம் என்றே நினைத்திருப்பார்கள். வெள்ள நாட்களில் மாடி வீட்டார் கீழ்வீட்டாருக்குக் கதவைத் திறந்ததும், ஒரே அடுப்பில் மூன்று குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சியதும் இதைப் போன்றவையே. வெள்ளம் வடிந்தபின் அந்தக் கதவுகள் மீண்டும் தாழிடப்பட்டனவா என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்வோம்.

இம்மாதத்திற்கென இரண்டு சிறு முயற்சிகளைக் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, இரவு செபமாலை முடிந்ததும் விளக்கை அணைக்குமுன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: "இன்று ஆண்டவர் யார் முகத்தில் என்னைப் பார்த்தார்? அவருக்கு நான் என்ன செய்தேன்?" சிறு பிள்ளைகள் முதலில் சொல்லட்டும், அவர்கள் மறைக்கத் தெரியாதவர்கள். 'ஒன்றும் செய்யவில்லை' என்பதும் நேர்மையான பதிலே. மறுநாள் காலைக்கு அது ஒரு வேலையைக் குறித்துக் கொடுக்கும். இரண்டாவது, பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள். இது எண்ணூரைக் காப்பாற்றிவிடாது என்பது உண்மையே. ஆனால் தன் வீட்டு எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஓர் ஆலையில் பொறுப்பேற்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கும்.

செபிப்போம்: எண்ணெயால் எங்களைக் குறித்துச் சொந்தமாக்கிக்கொண்ட இறைவா, உழைப்பால் கறைபட்ட எங்கள் கைகளை ஏற்றருளும். பிறருடைய பிழைப்பைக் கெடுக்கும் கறை எங்கள் கைகளால் பரவாமல் காத்தருளும். நோயாளிகளின் கட்டிலருகிலும், மீனவரின் கரையிலும், ஆலையின் இரவு வேலையிலும் உம்மைக் கண்டுகொள்ளவும், கண்டபின் கடந்து போகாதிருக்கவும் எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.