அமிகாவின்ர கோட் இன்னும் யாருக்காகப் பூட்டிக் கிடக்குது?

பழைய கம்பியூட்டரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே, "உது சும்மா ஏக்கம், தூக்கி எறிஞ்சிட்டு வேற வேலையைப் பாருங்கோ" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவினம். கொமடோர் நிறுவனம் 1987இல் விற்கத் தொடங்கிய அமிகா 500, நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டினால், 2021இல் வந்த அமிகா ஓஎஸ் 3.2ஐ ஓட்டும். 7 மெகாஹேர்ட்ஸ் சில்லுதான். வெறும் ஏக்கம் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வராது. ஆனாலும் இந்தக் கதையில் எங்களுக்குப் பெருமையை விடக் கோபம்தான் கூட.

நல்லதை முதலில் சொல்லிவிடுவம். 1985இல் அமிகா வந்தபோதே 'ஓட்டோகொன்ஃபிக்' என்ற முறை அதில் இருந்தது. புது அட்டையைச் செருகினால், என்னைச் செய்தவர் இன்னார், என்ர இலக்கம் இது என்று அட்டையே சொல்லும். இயங்குதளம் அதற்கு நினைவகத்தில் ஒரு முகவரியை ஒதுக்கும். 1.3 பதிப்பிலிருந்து வன்தட்டுக்கான டிரைவரை அட்டையின் ரொம்மிலேயே வைத்து, அதிலிருந்து நேரடியாக பூட் பண்ணவும் முடிந்தது. அந்தக் காலத்துப் பீசிக்காரர் குட்டி ஜம்பர்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருந்தவை. விண்டோஸ் 95 வந்தபிறகுதான் அவைக்குக் கொஞ்சமாவது நிம்மதி.

சில்லுகளின் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் என்ன செய்யும் என்பதையும் கொமடோர் கைநூலாக வெளியிட்டது. அதனால்தான், 1994 ஏப்ரலில் நிறுவனம் திவாலான பிறகும், 68030 மாதிரிச் சில்லு உள்ள அமிகாக்களில் லினக்ஸ் ஓடுது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வன்பொருள் எப்படி வேலை செய்யுது என்று எழுதி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இயங்குதளத்தின் கதி வேற. கொமடோரின் கடைசிப் பதிப்பான 3.1, வன்தட்டில் ஓர் இடத்தைக் குறிக்க 32 பிட் எண்ணில் பைட்டுகளை எண்ணியது. அந்த எண்ணில் அதிகபட்சம் 4 ஜிகாபைட்தான் அடங்கும். அதுக்கு அங்கால் எழுதப்போனால் எண் திரும்பப் பூச்சியத்துக்கு வந்து, தட்டின் தொடக்கத்தில் இருக்கிற உங்கட கோப்புகளுக்கு மேலேயே எழுதிவிடும். மூலநிரல் கையில் இருந்திருந்தால் விஷயம் தெரிந்த ஒருத்தர் திருத்தி எல்லாருக்கும் குடுத்திருப்பார். அது இல்லாததால், ஆளுக்கொரு ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டி வந்தது. 1999இல் வந்த 3.5 பெரிய தட்டுகளை ஏற்றது, ஆனால் அதுக்கு 68020 சில்லு வேணும். சாதாரண 68000 வைத்திருந்தவை 2018இல் வந்த 3.1.4 வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தவை.

ஏன் இவ்வளவு காலம்? அமிகா 1995இல் எஸ்கொம்மிடம் போய், 1997இல் கேட்வேயிடம் போய், பிறகும் கைமாறி, கடைசியில் உரிமைக்காரர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடினவை. இதுக்கிடையில் 1995இலிருந்து 'ஆரோஸ்' என்று ஒரு திறந்த இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் எழுதிக்கொண்டு வருகினம். ஏற்கனவே இருக்கிற ஒன்றை, பார்க்க விடாததால், முதலிலிருந்து திரும்ப எழுதுகிற வேலை அது. எத்தனை பேரின் எத்தனை இரவுகள் அதுக்குள்ள போயிருக்கும்!

அமிகா ரசிகர்களிலும் எங்களுக்குக் குறை இருக்கு. பூட்டின பதிப்பு வரும்போதெல்லாம் காசு குடுத்து வாங்கிக் கைதட்டுகினம். கோடைத் திற என்று கேட்கிறவை குறைவு.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 இல்லாத, பட்டியலில் இல்லாத சில்லுள்ள லப்டொப்புகளுக்கு 11 இல்லை. செக்கண்ட்ஹாண்டில் வாங்கிப் படிக்கிற எங்கட பெடியள் பெட்டையளிட்ட இருக்கிறதில் கனக்க அந்த ரகம்தான். அதில் லினக்ஸ் போடலாம், போடுங்கோ. ஆனால் வைஃபை சில்லின் விபரத்தைச் செய்தவன் மறைத்தால் அங்கேயும் அதே பாடு. விற்பனையை நிறுத்துகிற அன்றைக்கே வன்பொருள் விபரத்தையும் டிரைவர் கோடையும் வெளியில் விட வேண்டும் என்று சட்டம் வேணும். முதலில் அந்த 3.1ஐத் திறக்கட்டும். முப்பது வருசத்துக்கு முந்தின வன்தட்டு டிரைவருக்குள்ள இன்னும் என்ன வியாபார ரகசியம் இருக்கு?