ஓடும் விமானம் ஏன் பறப்பதில்லை?

பழைய போர் விமானங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். விமானம் முழுசாக இருக்கிறது. இன்ஜின்கள் ஓடுகின்றன. ஓடுபாதையில் வேகம் எடுத்து ஓடியும் காட்டுகிறது. பிறகு ஏன் அதைப் பறக்க விட மறுக்கிறார்கள்?

பதில்களும் வழக்கமானவை. அதிகாரிகளின் பிடிவாதம் என்பார் ஒருவர். காசில்லை என்பார் இன்னொருவர். காசு ஒரு காரணம்தான். ஆனால் காசு கிடைத்துவிட்டாலும் சிக்கல் தீராது. பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆவ்ரோ நிறுவனத்தின் வல்கன் 1952 ஆகஸ்ட் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. பிரம்மாண்டமான முக்கோண இறக்கை, 4 ஜெட் இன்ஜின்கள். அணுகுண்டைச் சுமந்து செல்லவே உருவாக்கப்பட்டது. மாதிரி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 136 கட்டினார்கள். போரில் அது குண்டு வீசியது 1982இல், ஃபாக்லாந்து தீவுகளில் மட்டும்தான். அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, வானிலேயே பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, சுமார் 16 மணி நேரம் பறந்து திரும்பிய முதல் தாக்குதலில் 21 குண்டுகள் போடப்பட்டன. ஸ்டான்லி ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. அந்த ஒரு குண்டால் என்ன பயன் என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வழக்கு இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது எக்ஸ்எச்558 என்ற எண் கொண்ட வல்கன். 1960 ஜூலையில் விமானப்படையில் சேர்ந்து, 1993 மார்ச்சில் ஓய்வு பெற்றது. தனியார் வாங்கினார்கள். பிறகு ஓர் அறக்கட்டளை அமைந்தது. பாரம்பரியச் சின்னங்களுக்கான லாட்டரி நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்டு கிடைத்தது. பொதுமக்களும் அள்ளிக் கொடுத்தார்கள். விமானத்தைப் பிரித்துச் சோதித்துச் சீர்செய்து, 2007 அக்டோபர் 18 அன்று மறுபடி பறக்க விட்டார்கள். 8 ஆண்டுகள் பறந்தது. 2015 அக்டோபர் 28 அன்று நிறுத்தப்பட்டது. அது விபத்தாலோ பெரிய பழுதாலோ நின்றுபோகவில்லை.

ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள உலோகத்திலிருந்து தொடங்க வேண்டும். கம்பி ஒன்றை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். பறக்கும்போது இறக்கையும் ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு வளைவும் உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சேதத்தைச் சேர்க்கிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். சோர்வு கூடக்கூட நுண்ணிய விரிசல் பிறக்கும், பிறகு வளரும். எனவே ஒரு விமானத்தின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்படிப் பறந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எப்படிப் பறந்தது என்பதில் வல்கனுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. காற்று மெலிந்த பெரும் உயரத்தில் பறப்பதற்காக அதை வடிவமைத்தார்கள். 1960 மே மாதம் சோவியத் ஏவுகணை அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. உயரம் இனிப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்துபோனது. அதனால் அடுத்த சில ஆண்டுகளில் வல்கன்களை ரேடாரின் கண்ணில் படாதபடி தாழப் பறக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தரையை ஒட்டிய காற்று அடர்த்தியானது, குலுக்கலும் அதிகம். அகன்ற இறக்கை ஒவ்வொரு குலுக்கலையும் முழுசாக வாங்கிக்கொள்ளும். உயரத்தில் பறந்த ஒரு மணி நேரமும் தாழப் பறந்த ஒரு மணி நேரமும் உலோகத்தின் கணக்கில் ஒன்றாகா.

விரிசலைத் தேடிப் பார்த்துச் சரிசெய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம், எங்கே தேடுவது என்று தெரிந்தால். நூறு விமானங்கள் ஒருசேரப் பறக்கும் காலத்தில் இதற்கு எளிய வழி இருக்கிறது. அதிக மணி நேரம் பறந்த விமானத்தில் முதலில் விரிசல் தெரியும். உடனே மற்றவற்றிலும் அதே இடத்தைச் சோதிப்பார்கள். மூத்தது இளையவற்றை எச்சரிக்கிறது. எக்ஸ்எச்558 விஷயத்தில் அதற்கு முன்னால் போனது எதுவும் இல்லை. 2015இல் அது வேறு எந்த வல்கனும் பறந்திராத அளவுக்கு, அதாவது அவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேலாக, பறந்து முடித்திருந்தது. அடுத்த விரிசல் எங்கே வரும் என்பதைச் சொல்ல அனுபவம் எதுவும் மிச்சமில்லை.

இன்ஜின் கதை வேறு மாதிரி. வல்கனின் ஒலிம்பஸ் இன்ஜின், பிற்காலத்தில் கான்கார்ட் பயணிகள் விமானத்தைத் தூக்கிச் சென்ற இன்ஜினின் முன்னோடி. ஒவ்வொரு முறை முடுக்கி முழு வேகத்துக்குக் கொண்டுபோய் அணைக்கும்போதும் உள்ளே சுழலும் டர்பைன் தட்டுகள் கொஞ்சம் சோர்வடைகின்றன. அவற்றுக்கு இத்தனை சுற்று என்று வரம்பு உண்டு. வரம்பு முடிந்தால் தட்டு பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வீசிவிட வேண்டியதுதான். எக்ஸ்எச்558க்குக் கையிருப்பில் இருந்தவை ஓட்டப்படாத 8 இன்ஜின்கள். புதிதாகச் செய்ய யாரும் இல்லை. 2012 மே மாதம் ஒருநாள், ஓடுபாதையில் வேகமெடுக்கும் நேரத்தில் 2 இன்ஜின்கள் பாழாயின. காரணம், ஈரத்தை உறிஞ்சுவதற்காகக் காற்று நுழைவாயிலில் வைத்து, எடுக்க மறந்துபோன சிலிக்கா ஜெல் பைகள். செருப்புப் பெட்டிக்குள் சிறு பொட்டலமாகக் கிடக்குமே, அதே பொருள். அந்த இழப்பை எந்த நன்கொடையாலும் ஈடுகட்ட முடியவில்லை.

இந்த இரண்டையும்விட அடிப்படையானது, விமானத்தை எப்படி இயக்குகிறார்கள் என்பது. ஸ்பிட்ஃபயர் என்ற பழைய போர் விமானத்தில் விமானி பிடித்திருக்கும் தண்டிலிருந்து கம்பிவடங்கள் இறக்கை, வால் பலகைகளுக்குப் போகின்றன. அவர் கைப்பலம்தான் விமானத்தைத் திருப்புகிறது. வல்கனின் பலகைகள் மிகப் பெரியவை, கைப்பலத்துக்கு அசையா. மின்மோட்டாரால் இயங்கும் ஹைட்ராலிக் கருவிகள்தான் அவற்றை அசைக்கின்றன. அவை செயலிழந்தால் கையால் இயக்க மாற்று வழியே கிடையாது. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஒரு வல்கனில் மின்சாரம் முற்றிலும் போனது. அதில் இருந்த 6 பேரும் இறந்தார்கள். எக்ஸ்எச்558 பிந்தைய ரகம்; அதில் அவசர மின்சாரத்துக்கு ஏற்பாடுகள் உண்டு. ஆனாலும் கையால் இயக்கும் மாற்று வழி இல்லாத விமானங்களை பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சிக்கலானவை என்ற தனி வகையில் வைக்கிறது. அந்த வகை விமானத்தைப் பறக்க விட ஒரு நிபந்தனை: வடிவமைப்புப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

வடிவமைப்புப் பொறுப்பாளர் என்றால் மூல வரைபடங்களையும் பளுக் கணக்குகளையும் கையில் வைத்திருந்து, விமானத்தின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்ப ரீதியாகப் பதில் சொல்லக்கூடிய நிறுவனம். அதன் வேலை அன்றாடத்தில் இப்படித்தான் இருக்கும். பராமரிப்பாளர் ஒரு தாங்கியில் துரு அரித்திருப்பதைப் பார்க்கிறார். கையேட்டில் இவ்வளவு ஆழம் வரை அரித்திருந்தால் தேய்த்துவிட்டுத் தொடரலாம் என்று இருக்கிறது. இவர் அளந்தது அதைவிடச் சற்று அதிகம். கையேடு அதோடு நின்றுவிடுகிறது. இனி அந்தத் தாங்கி எவ்வளவு பளுவைத் தாங்குகிறது, எவ்வளவு உபரி பலம் வைத்துச் செய்தார்கள் என்று தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும். வடிவமைப்புப் பொறுப்பாளர் கணக்குப் போட்டு, சரி என்றோ மாற்று என்றோ எழுதிக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வராது.

வல்கனுக்கு இந்தப் பொறுப்பை பிஏஇ சிஸ்டம்ஸ், மார்ஷல் ஏரோஸ்பேஸ், ரோல்ஸ் ராய்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து சுமந்தன. 2015 பருவத்தோடு போதும் என்று அவை முடிவெடுத்தன. விமானம் ஆபத்தாகிவிட்டது என்று அவை சொல்லவில்லை. அந்தக் காலத் தொழில்நுட்பத்தைக் கையாண்ட பொறியாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருந்தார்கள். வரைபடம் இருந்தாலும், அதைப் படித்து அர்த்தம் சொல்லும் ஆள் இல்லாமல் போனால் பொறுப்பு வெறும் பெயரளவில் நிற்கும். வேறு நிறுவனத்திடம் கொடுக்கலாமே என்ற யோசனையும் இங்கேதான் முட்டி நிற்கிறது. காகிதத்தைக் கைமாற்றலாம், ஐம்பது ஆண்டுப் பழக்கத்தைக் கைமாற்ற முடியாது.

ஸ்பிட்ஃபயர் இன்றும் பறப்பது ஏன் என்பதும் இப்போது தெளிவாகும். அது 1936இல் பிறந்தது, வல்கனைவிட 16 வயது மூத்தது. ஆனால் பிஸ்டன் இன்ஜின், கம்பிவடம், தகடு, ஆணி என எல்லாமே ஒரு நல்ல பட்டறையில் திரும்பச் செய்யக்கூடியவை. கட்டப்பட்டவையும் 20,000க்கு மேல். நேர்மாறாக, லைட்னிங் என்ற ஒலியை மிஞ்சும் போர் விமானத்துக்கு பிரிட்டன் தனியார் பறப்பு அனுமதி தரவில்லை. தென்னாப்பிரிக்காவில் தந்தார்கள். 2009 நவம்பரில் ஓவர்பெர்க் கண்காட்சியில் அது விழுந்தது, விமானி இறந்தார். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் வல்கனைவிட எளிய வகையைச் சேர்ந்த ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் மாண்டார்கள். அங்கே கேள்விக்குள்ளானது விமானத்தின் வயதைவிட அதை ஓட்டிய விதம். ஆனால் இறந்தவர்கள் பார்க்க டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் அல்லர் என்பதை ரசிகர்கள் மறக்கக் கூடாது.

2015இல் எடுத்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது. இன்னும் ஓரிரு ஆண்டு பறந்திருக்கலாம் என்ற வாதத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குக் கையெழுத்திட வேண்டியவர்களே தங்களால் இனி முடியாது என்று சொன்ன பிறகு, அதைக் கோழைத்தனம் என்று ஏசுவதில் நியாயமில்லை.

இன்று பறக்கும் நிலையில் வல்கன் உலகில் ஒன்றுகூட இல்லை. சவுத்எண்டிலும் வெல்ஸ்போர்னிலும் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு வல்கனை இன்ஜின் ஓடும் நிலையில் பேணி வருகிறார்கள். அதுவும் லேசான வேலை அல்ல; 2022 செப்டம்பரில் வெல்ஸ்போர்ன் வல்கன் ஓட்டிக் காட்டும்போது ஓடுபாதையைத் தாண்டிப் போனது. எக்ஸ்எச்558 நிற்கும் டான்காஸ்டர் விமான நிலையமோ அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. இந்த விமானங்களுக்கு உதவ நினைப்பவர்கள், திரும்பப் பறக்க விடுவோம் என்று வாக்குக் கொடுப்பவர்களிடம் வடிவமைப்புப் பொறுப்பாளர் யார் என்று முதலில் கேளுங்கள். பெயர் சொல்ல அவர்களால் முடியவில்லை என்றால், தரையில் ஓட்டிக் காட்டுபவர்களிடம் பணத்தைக் கொடுங்கள்.