செங்கல் சுவத்துல டிவி மாட்டப் போறீங்களா?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா ரெண்டு நாள் தூக்கம். மூணாவது நாள் யாராவது ஒருத்தர் "டிவி மாட்டணும், கொஞ்சம் வந்து பாருப்பா"ன்னு கூப்பிட்டுடுவாங்க. சிவில் படிக்கிற பையன்னா டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரியும்னு ஒரு நம்பிக்கை :-)

ஊரு, திண்டிவனம் பக்கம் ஓமந்தூர். சென்னைக்காரங்களுக்கு இந்தப் பேரைச் சொன்னா அரசு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1947ல இருந்து 1949 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதல்வரா இருந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார் எங்க ஊர்க்காரர், அவர் பேருதான் அங்க இருக்கு. சரி, அது வேற கதை, விஷயத்துக்கு வரேன்.

செங்கல் சுவத்துல டிவி மாட்டுறது எப்படின்னு நெட்ல தேடினா வர்றதெல்லாம் வெளிநாட்டு வீடுங்க. குளிர் காயுற அடுப்பு, அதுக்கு மேல செங்கல் சுவர், அந்தச் சுவத்துல டிவி. நம்ம பக்கம் ஊட்டி, கொடைக்கானல் பழைய பங்களாவுல வேணா அப்படி அடுப்பு இருக்கும். அந்த வெளிநாட்டுக்காரங்களே அதுக்கு ரெண்டு குறை சொல்றாங்க. ஒண்ணு, அடுப்புச் சூடு டிவிக்கு ஆகாது. ரெண்டு, உயரம் ஜாஸ்தி, கழுத்து போயிடும். அடுப்பே இல்லாம இந்த ரெண்டு தப்பையும் நாம செஞ்சுகிட்டு இருக்கோம்ங்கறதுதான் என் வாதம். எங்க தெருவுல நான் பார்த்த முக்கால்வாசி டிவி, இருக்க வேண்டிய இடத்தைவிட ரெண்டடி மேல இருக்கு.

இது எப்படி வந்ததுன்னு யோசிச்சுப் பார்த்தேன். 2006 செப்டம்பர்ல இலவச கலர் டிவி திட்டம் ஆரம்பிச்சாங்க இல்லையா, 2011ல ஆட்சி மாறி நிக்கிற வரைக்கும் ஒண்ணரை கோடிக்கு மேல டிவி கொடுத்தாங்க. 14 இஞ்ச் பெட்டி, சுமார் பத்து கிலோ இருக்கும். சின்ன வீட்ல அதைக் கீழ வைக்க இடம் கிடையாது, குழந்தைங்க கை வேற. அதனால இரும்பு ஆங்கிள்ல ஸ்டாண்ட் அடிச்சு, கதவு நிலை உயரத்துல சுவத்துல ஏத்திட்டாங்க. வாசல்ல நின்னு பார்க்கிற பக்கத்து வீட்டு ஆளுக்கும் தெரியும். அன்னிக்கு அது நியாயம்தான். பெட்டி டிவி போய் இப்ப 32 இஞ்ச் தட்டை டிவி வந்தாச்சு. வாசல்ல நின்னு பார்க்க யாரும் வர்றதில்ல. ஆனா டிவி மட்டும் அதே உயரத்துல, சில வீட்ல அதே ஓட்டையில!

பார்க்கிறவங்க எங்க இருக்காங்க? பாய்ல. எங்க ஆயா பாய்ல உக்காந்தா கண்ணு தரையில இருந்து ரெண்டரை அடி. டிவியோட நடு ஆறடி. ஏழடி தள்ளி உக்காந்து அண்ணாந்து பார்க்கணும்னா சுமார் 25 டிகிரி. சினிமா கொட்டகையில முன் வரிசை டிக்கெட் மாதிரி, தினம் மூணு மணி நேரம். விலை கம்மி டிவியில கீழ இருந்து பார்த்தா கலர் வேற வெளுத்துப் போகும். ஆயா கழுத்து வலிக்குத் தைலம் தேச்சுக்கிட்டே சீரியல் பார்த்தாங்க, வலிக்குக் காரணம் வயசுன்னு வீட்ல எல்லாரும் (நானும்தான்) முடிவு பண்ணி வெச்சிருந்தோம்.

அடுத்தது சுவர். எங்க வீடு மாதிரி பழைய வீட்ல செங்கலுக்கு நடுவுல மண் சாந்து, மேல சுண்ணாம்புக் காரை. வெளிய இருந்து பார்த்தா எல்லாம் ஒரே வெள்ளை. செங்கல் எங்க, சந்து எங்கன்னு தெரியாது. கடையில இருந்து டிவி மாட்ட வந்த தம்பி பத்து நிமிஷத்துல நாலு ஓட்டை போட்டுட்டுப் போயிட்டாரு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல், பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல ஏறத்தாழ 50 செ.மீ. மழை. எங்க சுவர் ஊறிப் போச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா டிவி ஒரு பக்கம் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. கழட்டினா ஒரு பிளக் கையோட வருது, கூடவே மண்ணும். நேர் கீழ ஆயாவோட பாய்.

ஓட்டை போடும்போது வர்ற தூளைப் பார்த்தாலே போதும். சிவப்பா வந்தா செங்கல். வெள்ளையாவே வந்துகிட்டு இருந்தா இன்னும் காரைதான். மெஷின் வெண்ணெய்ல போற மாதிரி போய் பழுப்பு மண்ணு வந்தா சந்து, ரெண்டு இஞ்ச் தள்ளிப் போடுங்க. பழைய செங்கல்லுக்கு ஹேமர் வேணாம், சும்மா சுத்த விட்டு, சின்ன பிட்ல ஆரம்பிச்சு பெருசாக்குங்க. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் கீழயும் கை வைக்காதீங்க, ஒயர் போகும்.

இழுத்துத் திருப்புற கை ஸ்டாண்ட் பழைய சுவத்துக்கு ஆகவே ஆகாது. 5 கிலோ டிவியை 40 செ.மீ. வெளிய இழுத்தா, மேல் கீழ் ஸ்க்ரூ இடைவெளி 20 செ.மீ.ன்னு வெச்சுக்கிட்டா, மேல் ஸ்க்ரூவைப் பிடுங்குற விசை 10 கிலோ. டிவி வெயிட்டுல டபுள். சுவத்தோட ஒட்டி மாட்டுற பிளேட் போதும்.

சூடு? நம்ம குளிர் காயுற அடுப்பு, மேற்குப் பார்த்த நாலரை இஞ்ச் சுவர். மே மாசம் சாயங்காலம் கை வெச்சுப் பாருங்க. டிவியோட வர்ற புத்தகத்துல பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான் போட்டிருக்கும். அந்தப் பக்கம் விறகு அடுப்பு எரியுற சுவரும் அப்படித்தான், கரி வேற.

மாட்டவே வேணாம்னா? கடப்பா கல் ஷெல்ஃப், இல்ல ஒரு மேஜை. என் ஓட்டு இதுக்குத்தான். குழந்தை இழுத்து மேல போட்டுக்கும்னு அம்மா சொன்னாங்க. நியாயமான பயம், அதுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆகணும். டிவிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூ ஓட்டையில இருந்து சுவத்துல ஒரு கொக்கிக்கு நாடா கட்டிடலாம். அந்தக் கொக்கிக்கும் சிவப்புத் தூள் வரணும்.

அப்பாதான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. "வர்றவங்க என்ன நினைப்பாங்க, டிவியைத் தரையில வெச்சிருக்கான்னு." வர்றவங்க மாசத்துக்கு ரெண்டு பேரு, ஆயா தினமும்னு சொன்னேன். ஒரு வாரம் பேச்சு இல்ல. பொங்கல் லீவுல அவரே கடப்பா கல் வாங்கிட்டு வந்தாரு. இப்ப டிவியோட நடு தரையில இருந்து மூணே கால் அடி. பழைய ஓட்டை நாலையும் தினசரி காலண்டர் மறைச்சுகிட்டு இருக்கு. ஆயா அந்தக் காலண்டரைப் பார்க்கத்தான் இப்ப அண்ணாந்து பார்க்கிறாங்க, ராகு காலம் தெரியலையாம் :-)