ஐரோப்பாவின் பசுமை நிதி: அறிவிக்கப்பட்ட பணமும் போய்ச் சேர்ந்த பணமும்

2050 ஆம் ஆண்டுக்குள் காலநிலைக்குப் பாதிப்பில்லாத கண்டமாக மாறுவோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசெம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே, பத்தாண்டுகளில் குறைந்தது ஒரு ட்ரில்லியன் யூரோ முதலீட்டைத் திரட்டப்போவதாக ஐரோப்பிய ஆணைக்குழு கூறியது. அந்தத் தொகையை ஊடகங்கள் கொண்டாடின. ஆனால், அது ஒரே பெட்டியில் இருந்த பணம் அல்ல. ஏறத்தாழ அரைவாசியே ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரவேண்டியது. மீதி, உறுப்பு நாடுகளின் பங்களிப்பும், பொது நிதி உத்தரவாதத்தை நம்பி வரும் என எதிர்பார்க்கப்பட்ட தனியார் முதலீடும்தான்.

இந்தக் கணக்கில் எனக்கு முன்பிருந்தே சந்தேகம் உண்டு. காரணம், 2014 முதல் 2020 வரை காலநிலைக்காக 216 பில்லியன் யூரோ செலவிட்டதாக ஆணைக்குழு கூறியிருந்தது. அதில் குறைந்தது 72 பில்லியன் மிகைப்படுத்தப்பட்டது என ஒன்றியத்தின் கணக்காய்வாளர்களே 2022 இல் தெரிவித்தார்கள். போருக்குப் பின்னர் மீள்கட்டுமானத்தின் பெயரில் எத்தனையோ அறிவிப்புகளைக் கேட்டவர்கள் நாம். அறிவித்த தொகை வேறு, வாசலுக்கு வந்த தொகை வேறு என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் ஐரோப்பாவின் ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க ஒரு அம்சம் உண்டு. அதுவே நீதியான நிலைமாற்ற நிதியம். நிலக்கரிச் சுரங்கங்களை மூடும்போது வேலை இழப்பவர்களுக்கு மறுபயிற்சி, சிறுதொழில்களுக்கு உதவி, பாழ்பட்ட நிலங்களின் மீட்பு ஆகியவை இதன் பணிகள். எந்தப் பிரதேசம் என்ன இழக்கிறது, அதற்கு மாற்று என்ன என்று பிரதேச வாரியாகத் திட்டம் எழுதப்பட வேண்டும். உள்ளூர் அதிகார சபைகளும் தொழிற்சங்கங்களும் அதில் பங்கேற்க வேண்டும். இழப்பவரை முதலில் கணக்கில் எடுக்கும் இந்தக் கொள்கை சரியானது என்பதே என் கருத்து.

நடைமுறைதான் வேறு. 2020 மே மாதத்தில் ஆணைக்குழு இதற்கு 40 பில்லியன் யூரோ கேட்டது. ஜூலையில் கூடிய தலைவர்கள் அதை 17.5 பில்லியனாகக் குறைத்தார்கள். மிகப் பெரிய பங்கு போலந்துக்குக் கிடைத்தது. ஆனால், அந்நாட்டின் துருவ் சுரங்கப் பகுதிக்கு எதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத்தை 2044 வரை இயக்க அரசு அனுமதியை நீடித்ததால் அப்பகுதி தகுதி இழந்தது. முடிவெடுத்தது வார்சோ, இழந்தது அங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள்.

பிரான்சில் 2018 இல் எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டம் சொன்னதும் இதையே. எரிபொருள் வரி முதலில் வந்தது, நிவாரணம் வரவில்லை. மக்கள் வீதிக்கு வந்தார்கள், வரி உயர்வு கைவிடப்பட்டது. அதன் பின்னரே, வீட்டு வெப்பமூட்டலுக்கும் வாகன எரிபொருளுக்கும் காபன் விலை விதிக்கும் சட்டத்துடன் சேர்த்து, வறிய குடும்பங்களுக்கான சமூகக் காலநிலை நிதியமும் உருவாக்கப்பட்டது. 2026 முதல் 2032 வரை அதன் மொத்தம் 86.7 பில்லியன் யூரோ வரை செல்லலாம். பாரிஸ் புறநகர்களில் வாடகை வீடுகளில் வாழும் நம் உறவுகளின் மாதச் செலவோடும் தொடர்புடைய விடயம் இது.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 2025 மார்ச்சில் 800 பில்லியன் யூரோ வரை பாதுகாப்புச் செலவுக்குத் திரட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஜூலையில் வெளியான, 2028 முதலான வரவுசெலவு முன்மொழிவில் நீதியான நிலைமாற்ற நிதியம் தனியாக இல்லை. அந்தப் பணி ஒவ்வொரு நாட்டுக்குமான பொதுத் திட்டத்துக்குள் கரைக்கப்பட்டிருக்கிறது.

இதை வெறும் நிர்வாக மாற்றமாக நான் பார்க்கவில்லை. தனிப் பெயரும் தனித் தொகையும் இருக்கும்வரை ஒரு சுரங்க ஊர் ‘எங்கள் பங்கு எங்கே?’ என்று கேட்கலாம். பொதுப் பெட்டிக்குள் போய்விட்டால், பங்கிடும் அதிகாரம் தலைநகரத்தின் கைக்குப் போய்விடும். தலைநகரத்திலிருந்து தூரத்தில் வாழ்பவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும்.