எந்த ஆர்கனில் வாசித்தீர்கள்?

பைப் ஆர்கன் வாசிப்பவர் பெரும்பாலும் தனியாள். வயலின்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் வில்லை ஒருவர் பார்த்தே பாதி வித்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆர்கன்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு தேவாலயத்துக்கு ஒரு கருவி, அதற்கு ஒருவர். கருவியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போகவும் முடியாது. அதனால் தூரத்திலிருந்து வரும் யோசனைக்கு அவர்கள் எப்போதும் ஏங்கியிருக்கிறார்கள். 1676இல் பாரிஸில் நிக்கொலா லெபெக் தன் ஆர்கன் உருப்படிகளை அச்சிட்டபோது, தலைநகருக்கு வந்து நேரில் கேட்க முடியாத வெளியூர்க் கலைஞர்களை மனத்தில் வைத்தே முன்னுரை எழுதினார். எந்த உருப்படிக்கு எந்த ஸ்டாப்புகளை இழுத்து எந்தக் குழாய் வரிசைகளைத் திறக்க வேண்டும் என்று அதில் விளக்கினார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இவற்றில் சில, தேவையான ஸ்டாப்புகள் இல்லாத ஆர்கன்களில் எடுபடாது, மற்றவற்றை எந்த ஆர்கனிலும் வாசிக்கலாம். இன்று இணையத்தில் ஆர்கன் கலைஞர்கள் தாராள மனத்தோடு பகிர்ந்துகொள்ளும் குறிப்புகளில் இந்த இரண்டாவது பகுதி பெரும்பாலும் விட்டுப்போகிறது. அது இல்லாத குறிப்பு எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும் அரைகுறைதான் என்பது என் கட்சி.

பிரெஞ்சு ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான விடோரின் ஐந்தாம் ஆர்கன் சிம்பொனியின் கடைசிப் பகுதியான டொக்காட்டாவை எடுத்துக்கொள்வோம். திருமணங்களில் அடிக்கடி ஒலிப்பது. ஆர்கன் பழகுகிற எல்லோரும் ஒருநாள் தொட்டுப் பார்க்க விரும்புவது. நிமிடத்துக்கு 118 தட்டு என்ற வேகத்தில் வாசித்தால், தட்டுக்கு நான்கு சுரமாக, ஒவ்வொரு சுரத்துக்கும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு விநாடிதான் கிடைக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் குழாய்களுக்கும் நடுவே 34 மீட்டர் இருந்தால், அவர் வாசித்தது அவர் காதுக்கு வந்துசேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. விரல் அடுத்த கட்டைக்குப் போகிற நேரத்தில்தான் முந்தைய சுரம் காதில் விழுகிறது. இவரிடம் போய், ‘உங்கள் வாசிப்பை நீங்களே கூர்ந்து கேட்டு வேகத்தைச் சரிசெய்யுங்கள்’ என்று எந்த இசைப் பள்ளியிலும் சொல்லும் பொது அறிவுரையைக் கொடுத்தால், அவர் காதுக்காகக் காத்திருந்து காத்திருந்து மேலும் மேலும் பின்தங்குவார். குழாய்கள் தலைக்கு மேலேயே இருக்கும் சிறு தேவாலயத்தில் அதே அறிவுரை மிகச் சரி. விடோரே 1932இல், 88 வயதில், பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் இந்த டொக்காட்டாவை ஒலிப்பதிவு செய்திருக்கிறார். இன்று பலரும் பறக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது நிதானமானது. முதுமைதான் காரணம் என்பார்கள், ஓரளவு இருக்கலாம். ஆனால் 1870 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதே தேவாலயத்தின் ஆர்கன் மாடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலியும் அந்த உயரமான கல்மண்டபத்தில் எப்படிப் பரவி அடங்குகிறது என்று அறிந்தவர் அவர். அந்த அனுபவத்தையும் கணக்கில் எடுக்காமல் வயதை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகப் படவில்லை.

இசையமைப்பாளர் தன் கையால் எழுதிவைத்த ஸ்டாப் குறிப்புகளாவது எங்கும் செல்லுமே என்று கேட்கலாம். செஸார் ஃபிராங்கின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. செயின்ட் கிளோடில்ட் தேவாலயத்தில் கவாயே கோல் அமைத்த ஆர்கன் 1859இல் வாசிப்புக்கு வந்தது. அங்கே ஆர்கன் கலைஞராக இருந்த ஃபிராங்க் மனத்தில் கேட்டதெல்லாம் அதன் குரலைத்தான். அடிப்படை ஸ்டாப்புகளோடு ஓபோவையும் சேர்க்கச் சொல்லி அவர் அடிக்கடி எழுதுகிறார். அங்கே ஓபோ மற்றவற்றோடு கரைந்து ஒரு சூட்டைக் கொடுத்தது. அதே பெயர் பொறித்த ஸ்டாப் வேறு நாட்டு ஆர்கனில் மூக்கால் பாடுவதுபோல் தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கலாம். அங்கே எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிகிறவர் ஃபிராங்கிடமிருந்து விலகித்தான் போகிறார். ஃபிராங்கின் அந்த ஆர்கனே 1933இலும் 1962இலும் மாற்றியமைக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவருடைய குறிப்பைப் படிக்கிறவர், அவர் எந்த ஒலிக்காக அதை எழுதினார் என்று தெரிந்துகொண்டு, தன் ஆர்கனில் அந்த ஒலிக்கு மிக நெருக்கமானதைத் தேடியாக வேண்டும்.

வலுவான மறுப்பு வேறொன்று. புதிதாகக் கற்பவருக்கு இத்தனை ‘ஆனால்’ எதற்கு, திட்டவட்டமான விதிகளைக் கொடுங்கள் என்கிறார்கள். மதிக்க வேண்டிய கருத்துதான். பெல்ஜியத்தின் லெம்மன்ஸ் 1862இல் வெளியிட்ட பாடநூல், காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளில் குதிகாலையும் கால்விரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, இடைவெளி தெரியாமல் இழைத்து வாசிக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. விடோர் அவர் மாணவர். விடோருக்குப் பின் சான் சுல்பீஸில் அமர்ந்த மார்செல் டூப்ரே, ஒரே சுரம் திரும்ப வந்தால் எவ்வளவு நேரம் விரலை எடுக்க வேண்டும் என்பதைக்கூடக் கணக்காக வகுத்தார். அந்த ஒழுங்கு பெரிய கலைஞர்களை உருவாக்கியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விதிகளைச் சொன்ன ஆசிரியர் மாணவரின் பக்கத்தில் இருந்தார்; தவறாகப் பட்டால் அங்கேயே திருத்தினார். தூரத்தில் இருப்பவருக்கு அந்தத் திருத்தம் கிடைக்காது. போதாததற்கு, அதே குதிகால் முறையைப் பாக் காலத்து இசைக்கு அப்படியே பொருத்தியது சரிதானா என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில் பலமாக எழுந்தது. பழைய ஜெர்மன் ஆர்கன்களின் பெடல் வரிசை தட்டையானது, கட்டைகள் நேர்கோட்டில் இருக்கும். கால்விரல்களாலேயே பெரும்பாலும் வாசித்தால்தான் அதில் வசதி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவிய பெடல் வரிசை குழிந்து, விசிறிபோல் விரிந்திருக்கும். ‘குதிகாலை இங்கே வையுங்கள்’ என்ற ஒரே வரி இரண்டிலும் ஒன்றாகச் செல்லாது.

ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினால் போதாதா? மைக் குழாய்களுக்குப் பக்கத்தில் இருந்ததா, நாற்பதாவது வரிசையில் இருந்ததா என்று தெரியாதவரை அதுவும் பாதிச் சாட்சிதான். நான் கேட்பது கூடுதலாக இரண்டு வரி: கருவி எத்தகையது, பெடல் எந்த வகை, குழாய்கள் எவ்வளவு தூரம், கையை எடுத்தபின் ஒலி அடங்க எத்தனை விநாடி. ‘சுரங்களைச் சுருக்கி வாசியுங்கள்’ என்பதோடு ‘எங்கள் மண்டபத்தில் ஆறு விநாடி எதிரொலி’ என்றும் எழுதியிருந்தால், கம்பளம் விரித்த சின்னத் தேவாலயத்தில் வாசிப்பவர் தான் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்று தானே புரிந்துகொள்வார்.

மேதைகளுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் பாக்கைப் பற்றி அவர் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1774இல், பாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெலுக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்கலாம். தன் தந்தை ஸ்டாப்புகளைச் சேர்த்த விதத்தைப் பார்த்து மற்ற ஆர்கன் கலைஞர்கள் பலமுறை திடுக்கிட்டார்கள் என்கிறார். அது நன்றாக ஒலிக்கவே முடியாது என்று நினைத்தவர்கள், கேட்ட பிறகு வியந்தார்கள். தங்கள் விதிகளை அவர்கள் எல்லாக் கருவிக்கும் பொதுவானவையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் போலும். பாக்கோ, புதிய ஆர்கன் ஒன்றைச் சோதிக்க அழைத்தால், முதலில் எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டு முழு ஒலியில் வாசிப்பார். அதன் நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்பதை அவர் வேறு எதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள விரும்பினார்.