டபுள் டையும் இல்ல, டபுள் ஸ்டிரைக்கும் இல்ல... அது அச்சு மோதல்!

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சூடான பதிவு. காசு சேர்க்கிற கிறுக்கு இல்லாதவங்களும் படிக்கலாம். ஏமாத்து வேலை எல்லாருக்கும் பொதுதானே :-)

எங்க புதுச்சேரி ஞாயித்துக்கிழமை சந்தையில துணி, செருப்பு, பழைய புத்தகம் எல்லாம் தாண்டிப் போனா பழைய காசு கிடைக்கும். போன வாரம் ஒருத்தர் ஒரு ஸ்டீல் 1 ரூபாயைப் பிளாஸ்டிக் உறையில போட்டு நீட்டுறார். எண்ணுக்கும் நெற்கதிருக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கோடு வளைஞ்சு ஓடுது. "டபுள் டை சார். பாம்பு மாதிரி இருக்கு பாருங்க. உலகத்துலயே ஒண்ணுதான்." விலை 1500 ரூபாய். பக்கத்துல நின்ன காலேஜ் பையன் பர்ஸைத் திறந்துட்டான்.

அது பாம்பு இல்லைங்க, பின்பக்கத்துச் சிங்கத்தோட உடம்பு!

காசு அடிக்கிற எந்திரத்துல மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு. நடுவுல வெறும் வில்லை வந்து உட்காரணும். ஒரு தடவை வில்லை வரத் தவறினா ரெண்டு அச்சும் நேருக்கு நேர் மோதிக்கும். இதோட உருவத்தோட ஓரம் அதுமேல பதியும், அதோடது இதுமேல பதியும். அப்புறம் வில்லை ஒழுங்கா வந்தாலும், விழுகிற ஒவ்வொரு காசுலயும் அந்தத் தடம் இருக்கும். அச்சைத் தேய்ச்சு மெருகு போடற வரைக்கும், இல்ல தூக்கிப்போட்டு வேற மாட்டுற வரைக்கும்.

இதுதான் டை கிளாஷ். காயம் காசுக்கு இல்ல, அச்சுக்கு. அதனால "உலகத்துலயே ஒண்ணு" என்ற பேச்சுக்கே இதுல இடமில்லை. ஒரே தடத்தோட ஆயிரக்கணக்குல காசு வெளிய போயிருக்கலாம். ஒண்ணுதான் இருக்குன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னா, எனக்கு முதல்ல அந்தக் காசு மேலதான் சந்தேகம் வரும்.

டபுள் டைங்கிறது வேற கதை. அச்சைத் தயாரிக்கும்போதே அதோட சொந்த உருவம் ரெண்டாப் பதிஞ்சுடறது. டபுள் ஸ்டிரைக்னா ஒரே காசு ரெண்டு அடி வாங்கறது. ரெண்டுலயும் தெரியறது அதே பக்கத்து உருவம்தான், எழுத்து நேராத்தான் இருக்கும். அச்சு மோதல்ல தெரியறது எதிர்ப்பக்கத்து உருவம், அதுவும் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறி. இதைப் பிரிச்சுச் சொல்ல ஒரு லென்ஸும் அஞ்சு நிமிஷமும் போதும். காசே கண்ணாடியால செஞ்சதா நினைச்சுக்கோங்க. பின்பக்கம் ஊடுருவித் தெரிஞ்சா எங்க விழுமோ, அங்கதான் தடம் இருக்கணும். நம்ம காசைப் புத்தகப் பக்கம் மாதிரி திருப்பினா ரெண்டு பக்கமும் நிமிர்ந்தே இருக்கும். அதனால தடத்துலயும் சிங்கம் நிமிர்ந்தே நிக்கும். (அச்சையே திருப்பி மாட்டியிருந்தா ஒழிய.) அமெரிக்கக் காசுல தலைகீழாத் தெரியும்.

இதுலயும் கில்லாடிங்க இருக்காங்க. ரெண்டு காசை ஒட்டவச்சு பட்டறை வைஸ்ல போட்டு இறுக்கினா ஒண்ணுமேல இன்னொண்ணு பதியும், அதுவும் இடவலம் மாறித்தான்! ஆனா எழுத்தெல்லாம் முழுசா, குழியா இறங்கியிருக்கும். காசோட சொந்தச் சிங்கமும் எண்ணும் நசுங்கித் தட்டையாயிருக்கும். நிஜ மோதல்ல வெற்றிடத்துல ஓரக்கோடு மட்டும்தான் தெரியும், மேடான உருவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

இன்னொரு வயித்தெரிச்சல், நம்ம ஊர் துட்டு. பிரெஞ்சுக்காரன் 'துது'ன்னு சொன்ன செப்புக்காசு, தமிழ்ல 'புதுச்சேரி'ன்னு எழுதினது. அதெல்லாம் சுத்தியல் காலத்துச் சமாச்சாரம். ஒரு அடி விழுந்து, காசு நகர்ந்து, மறுபடி அடி விழுந்தா எழுத்து ரெட்டையாத் தெரியும். அது டபுள் ஸ்டிரைக். அதைக் கிளாஷ்னு விக்கிறாங்க, நிஜக் கிளாஷை டபுள் டைன்னு விக்கிறாங்க. நல்லா இருக்கு நியாயம்!

"அமெரிக்காக்காரனும்தான் பேர் வைக்கிறான்"னு ஒரு நண்பர் வாதாடினார். உண்மைதான். 1955 அரை டாலர்ல கழுகோட இறக்கை ஃபிராங்க்ளின் வாய்கிட்ட பதிஞ்சு முயல் பல்லு மாதிரி தெரியும். அதுக்கு 'பக்ஸ் பன்னி'ன்னே பேர். ஆனா அது அச்சு மோதல்னு தெரிஞ்சுதான் அந்தச் செல்லப்பேர். நம்மாளு விஷயத்தை மறைக்கத்தான் பாம்புன்னு பேர் வைக்கிறான்.

வடக்கே வியாபாரிங்க பிராக்கேஜ் காசை 'லாக்கி'ன்னு சொல்லுவாங்க, லட்சத்துல ஒண்ணாம். முன்னாடி அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டு, அடுத்த வில்லையில அதே பக்கம் குழியாப் பதியற கூத்து அது. அபூர்வம்தான், அந்தப் பேர் அதுக்குப் பொருந்தும். மோதல் காசுக்கு அந்த அபூர்வத்தை ஒட்டவச்சா மோசடி.

நான் வைக்கிற பேர்: நடந்ததுக்கு 'அச்சு மோதல்', காசுல தெரியறதுக்கு 'மோதல் தடம்'. தமிழ் வேண்டாம்னா டை கிளாஷ்னே எழுதுங்க, சண்டைக்கு வரமாட்டேன். "வியாபாரிக்கும் வயிறு இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கட்டும், மோதல் தடம்னு சொல்லி 100 ரூபாய்க்குக் குடுங்க, நானே வாங்கறேன். 2012 வைஷ்ணவ தேவி 5 ரூபாய்க்கு லட்சக்கணக்குல விலைன்னு புரளி கிளப்பி, ரிசர்வ் வங்கி பேரையே சொல்லி கமிஷன் கேக்கற அளவுக்குப் போய், 2021 ஆகஸ்டுல அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாச்சு. அந்தச் சாக்கடையில நம்ம பொழுதுபோக்கையும் தள்ளணுமா?

அந்தப் பையன் கதை? கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லைன்னு லென்ஸைக் குடுத்து காசைத் திருப்பிக் காட்டினேன். பர்ஸை மூடிட்டான்.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு உண்டியல்ல இருக்கிற 1992 முதல் 2004 வரைக்குமான ஸ்டீல் 1 ரூபாயைக் கொட்டி, எண் பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்துல பாருங்க. தடம் தெரிஞ்சா வருஷத்தையும் அதுக்குக் கீழே உள்ள குறியையும் பின்னூட்டத்துல எழுதுங்க. வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. ரெண்டு பேர்கிட்ட ஒரே தடம் சிக்கினா, படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த 1500 ரூபாய்க்காரர்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுக்கறேன் :-)